பெங்களூருக்கு ரெண்டு டிக்கெட்

கல்யாணமாகி இருபது வருஷம் கழித்துப் பெண்டாட்டியின் ரசனையை மாற்றப் புறப்படுவது, ஓடுகிற கிரைண்டருக்குள் கையை விடுகிற வேலை. காரைக்குடி செக்காலை ரோட்டில் இன்வெர்ட்டர் கடை வைத்திருக்கும் சேவுகப்பெருமாளுக்கு இது தெரியாததல்ல. கரண்டுத் தொழில் பார்க்கிறவர். எதைத் தொட்டால் அடிக்கும் என்று அறிந்தவர். அறிந்துதான் தொட்டார்.

எல்லாம் 'ராங் பிளாட்பாரம்' செய்த வேலை.

அது லண்டன் பக்கத்துப் பாட்டுக் கோஷ்டி. ஸ்காவும் பங்க்கும் கலந்து அடிப்பவர்கள். ஸ்கா என்றால் ட்ரம்பெட்டும் ட்ரோம்போனும் வைத்துக்கொண்டு துள்ளுவது. பங்க் என்றால் கிடாரை வைத்துக்கொண்டு கத்துவது. இரண்டும் சேர்ந்தால், கல்யாண பேண்டு செட்டுக்கும் கூலி கேட்டு நடக்கிற ஊர்வலத்துக்கும் ஒரே தெருவில் சண்டை வந்த மாதிரி இருக்கும். சேவுகப்பெருமாள் இளவட்டமாகச் சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தபோது, பக்கத்துக் கட்டில் மலேசியாக்காரன் ஒருவன் இந்த வியாதியை ஒட்டவைத்தான். மலேரியா என்றால் மாத்திரை உண்டு. இதற்கு இல்லை. ஊருக்கு வந்து, கல்யாணம் பண்ணி, மகளைத் திருச்சி காலேஜ் ஹாஸ்டலில் சேர்த்த பிறகும் விடவில்லை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வெளியே சத்தம் வராமல் தலையை மட்டும் ஆட்டுவார். வாடிக்கையாளர்கள் விலைக்குச் சம்மதித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அப்பேர்ப்பட்ட ராங் பிளாட்பாரம் பெங்களூருக்கு வருகிறது என்று சேவுகப்பெருமாள் செல்போனில் பார்த்தார். பார்த்த கையோடு ரெண்டு டிக்கெட் போட்டார். ஒன்று அவருக்கு. இன்னொன்று யாருக்கு என்று அப்போது அவருக்கே தெரியவில்லை. தனியாகப் போய் நின்றால் பாவமாக இருக்கும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

அன்று சாயந்திரமே சிங்கம்புணரியிலிருந்து மச்சினன் பாண்டியராஜன் போன் பண்ணினான்.

"மாமா, வீட்டுக்குப் பால் காய்ச்ச நாள் குறிச்சாச்சு. அடுத்த மாசம் மொத ஞாயித்துக்கிழமை. நீங்களும் அக்காவும் முன்ன நின்னு நடத்தித் தரணும்."

அதே ஞாயிற்றுக்கிழமைதான் கச்சேரி.

இந்த இடத்தில் சாதாரண மனுஷன் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்திருப்பான். சேவுகப்பெருமாள் யோசித்தார். தான் மட்டும் பெங்களூர் போனால் தன் தலை உருளும். பெண்டாட்டி துர்காதேவியும் கூட வந்தால்? தம்பிக்குச் சமாதானம் சொல்லவேண்டியது அவள் பொறுப்பு. அக்கா தம்பிக்குள் ஆயிரம் இருக்கும், மாப்பிள்ளையை யாரும் கேட்கப்போவதில்லை. ஆக, துர்காதேவிக்கு ஸ்கா பிடித்துப்போனால் போதும். கையில் ஒரு மாசம் இருக்கிறது. ஒரு மாசத்தில் கருவேலங்காட்டையே திருத்தி நெல் போட்டவர்கள் உண்டு என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டார். அப்படி யாரும் கிடையாது. தைரியத்துக்கு ஆதாரம் எதற்கு?

துர்காதேவி பள்ளத்தூரில் கணக்கு டீச்சர். ஹாலில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். சேவுகப்பெருமாள் கடையிலிருந்து தூக்கிவந்த ஸ்பீக்கரை டிவிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"என்னங்க இது?"

"ஸ்கா."

"காக்கா வெரட்டுறதா?"

"பாட்டு, துர்கா. ஸ்கா, பங்க்."

"பங்க்கா? பெட்ரோல் போடுவாகளே, அதா?"

"நீ கேளு மொதல்ல. இதுல தாளம் எப்பிடின்னா, எல்லாப் பாட்டுலயும் அடி விழுற எடத்துல கிடார் விழும். இதுல அடி விழாத எடத்துல விழும்."

துர்காதேவி சிவப்புப் பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "எங்கம்மா பேசுறப்ப நீங்க தலையாட்டுவீகளே, அது மாதிரியா?"

சேவுகப்பெருமாள் பாட்டைப் போட்டார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. லண்டன்காரன் தொண்டை கிழியக் கத்தினான். துர்காதேவி முழுப் பாட்டையும் பொறுமையாகக் கேட்டாள். கணக்கு டீச்சர்களுக்கு எதையும் பாதியில் விடத் தெரியாது.

"என்ன சொல்றான் அவன்? இம்புட்டுக் கோவமா?"

இதுதான் சமயம் என்று சேவுகப்பெருமாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மொதலாளி டீ கேக்குறாரு. வேலை பாக்குறவன், 'ஒன் டீய நீயே போட்டுக்க'ன்னு சொல்றான். இது வெறும் டீ இல்ல, துர்கா. ஒருத்தரு இன்னொருத்தருக்கு அடிமை இல்ல. அவனவன் வேலைய அவனவன் செய்யணும். பங்க்கோட தத்துவமே அதுதான்."

"நல்ல தத்துவமாத்தான் இருக்கு," என்றாள் துர்காதேவி. பேப்பரின் ஓரத்தில் ஏதோ மார்க்கைக் கூட்டினாள்.

மறுநாள் காலை சேவுகப்பெருமாள் எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பேப்பர் வந்தது. டீ வரவில்லை. அடுப்படியை எட்டிப் பார்த்தார். துர்காதேவி நின்றபடி தன் டீயைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு?"

"பால் அங்குட்டு இருக்குங்க. தூள் மேத்தட்டுல."

அவருக்குக் கோபம் வரவில்லை. மாறாக, உள்ளுக்குள் பட்டாசு வெடித்தது. ஒரே பாட்டில் பிடித்துக்கொண்டாளே. டீயில் சர்க்கரை என்று உப்பைப் போட்டுக் குடித்த பிறகுதான் அந்தச் சந்தோஷம் கொஞ்சம் குறைந்தது.

அந்த வாரம் முழுக்கப் பாடம் நடந்தது. சட்டை தேய்ப்பது, தண்ணித் தொட்டி கழுவுவது, காய் நறுக்குவது என்று தத்துவம் ஒவ்வொரு அறையாகப் பரவியது. நியாயம் கேட்டால், "பங்க்குன்னா பங்கு. ஆளுக்குப் பாதி," என்றாள் துர்காதேவி. அதை மறுக்க அவருக்கு லண்டனிலிருந்து எந்தப் பாட்டும் கிடைக்கவில்லை.

பக்கத்துப் போர்ஷனில் தையல்கடை மாரீஸ்வரி இருந்தாள். சத்தத்துக்குச் சண்டைக்கு வருவாள் என்று சேவுகப்பெருமாள் எதிர்பார்த்திருந்தார். ஒருநாள் கழுத்தில் இஞ்சு டேப்போடு வந்து நின்றாள்.

"அண்ணே, அந்த டீ போடுற பாட்டைக் கொஞ்சம் சத்தமா வைக்கிறீகளா? மிசின் அதுக்கு நல்லா ஓடுது."

மறுநாளிலிருந்து அவளும் ஹாலில் வந்து உட்கார ஆரம்பித்தாள்.

ரெண்டாவது வாரத்தில், தானே தமிழில் 'நிக்காத பஸ்' என்று பேர் வைத்திருந்த பாட்டைப் போட்டார். முழு ஸ்கா. ஸ்டாப்பிங்கில் நிற்கிறவளைப் பார்த்துக்கொண்டே டிரைவர் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறான். அவள் அழவில்லை. அந்த இடத்திலேயே ஆடுகிறாள். அடுத்த பஸ்ஸும் நிற்கவில்லை. இன்னும் ஆடுகிறாள். கடைசியில் ஒரு பஸ் நிற்கிறது, ஆட்டம் முடியவில்லை என்று அவள் ஏறமாட்டேன் என்கிறாள். அவர் அர்த்தம் சொல்லச் சொல்ல துர்காதேவி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"இது லண்டன்லயா நடந்துச்சு?"

"ஆமா."

"பள்ளத்தூர் ஸ்டாப்புல தெனம் நடக்குதுங்க. பொம்பளைக கையக் காட்டுனா எத்தனை பஸ்ஸு நிக்குது?"

அந்தப் பாட்டை அவளே மறுபடி போடச் சொன்னாள். பிறகு சமைக்கும்போது போட்டாள். ஒருநாள் சேவுகப்பெருமாள் கடையிலிருந்து சீக்கிரம் வந்தவர், செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே துர்காதேவி ஒரு கையில் கரண்டியோடு ஆடிக்கொண்டிருந்தாள். ஆட்டம் என்று சொல்ல முடியாது. ஒரு காலை எடுத்து, வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, தாளம் விழாத இடத்தில் சரியாக வைத்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு. பத்துப் பதினைந்து வருஷமாக அந்தச் சிரிப்பை அவர் பார்த்ததில்லை. கச்சேரி, டிக்கெட், மச்சினன் எல்லாம் அந்த நிமிஷம் அவருக்கு மறந்துபோயிற்று. திரும்பி அவரைப் பார்த்ததும் அவள் கரண்டியைக் குழம்புக்குள் விட்டாள்.

"எப்ப வந்தீக?"

"இப்பத்தான்."

"இம்புட்டு வருசமா இதையெல்லாம் காதுல மாட்டிக்கிட்டுத் தனியாவே கேட்டுருக்கீகளே," என்றாள் அவள், குழம்பைப் பார்த்துக்கொண்டு. "ஒரு நாளாச்சும் எனக்குப் போட்டுக் காமிச்சீகளா?"

அவர் செருப்பைக் கழற்றினார்.

அந்தச் சூட்டோடு தன்னுடைய நம்பர் ஒன் பாட்டைப் போட்டார். அதுவரை ஒளித்து வைத்திருந்த பாட்டு. ட்ரோம்போன் மட்டும் தனியாக ஆரம்பிக்கும். ராத்திரி ஷிப்ட் முடிந்து ஒருவன் விடியக்காலையில் நடந்து வருகிறான். ஊரே வேலைக்குப் போகிறது, அவன் மட்டும் எதிர்ப்பக்கமாகத் தூங்கப் போகிறான். சிங்கப்பூரில் அவர் எத்தனையோ காலைகளில் அப்படித்தான் நடந்தார். துர்காதேவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்தது.

"இது கொஞ்சம் இழுவையா இருக்குங்க," என்றாள் துர்காதேவி.

"தூக்கம் வருது அண்ணே," என்றாள் மாரீஸ்வரி.

ரசனை என்பது படிப்படியாகத்தான் வரும் என்று சேவுகப்பெருமாள் மனசைத் தேற்றிக்கொண்டார். கச்சேரிக்கு ஒரு வாரம் இருக்கும்போது விஷயத்தை உடைத்தார். ரெண்டு டிக்கெட்டையும் துர்காதேவியின் செல்போனுக்கே அனுப்பிவைத்தார். பரிசு என்றால் கையில் கொடுக்கவேண்டும், இல்லையா.

அவள் செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அந்த ஆளுகளே நேர்ல பாடுவாகளா? பஸ் பாட்டும்?"

"எல்லாப் பாட்டும்."

"எனக்கா போட்டீக?"

"ஒனக்கில்லாம வேற யாருக்கு?" என்றார். அந்த நேரத்தில் அவரே அதை நம்பினார். துர்காதேவியின் கண் லேசாகக் கலங்கியது. அதைப் பார்த்து அவருக்கும் கலங்கியது. கலங்கிய குட்டையில்தான் மீன் பிடிக்கவேண்டும் என்று, தூண்டிலைப் போட்டார்.

"ஒரே ஒரு சிக்கல், துர்கா. அன்னைக்குத்தான் ஒந்தம்பி வீட்டுப் பால்காய்ப்பு. எனக்கு வருத்தந்தான். ஆனா ஊரு என்ன சொல்லும், ஒறவு என்ன சொல்லும்னு பாத்துக்கிட்டே இருந்தா நாம என்னைக்கு நமக்காக வாழுறது? பங்க் என்ன சொல்லுது?"

"சரிதாங்க," என்றாள் அவள். "நான் தம்பிகிட்டப் பேசிக்கிறேன். நீங்க ஒண்ணும் பேச வேணாம்."

சேவுகப்பெருமாள் அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவரே தோசை வார்த்தார். யாரும் கேட்கவில்லை. வெற்றி பெற்றவனுக்கு ஒரு பெருந்தன்மை வரும்.

வியாழக்கிழமை கடையில் இருந்தபோது பாண்டியராஜன் போன் பண்ணினான்.

"மாமா, அக்கா எல்லாம் சொன்னாக. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. இந்தக் காலத்துல எந்த மாமா இப்பிடிச் செய்வாக?"

"என்ன சொன்னா அக்கா?"

"அக்கா பெங்களூரு போறாகளாம்ல. நீங்க, 'நீ போயிட்டு வா, ஒந்தம்பி வீட்டு விசேஷத்த நான் பாத்துக்கிறேன்'னு சொன்னீகளாம். சனிக்கிழமை காலையிலயே வந்து மைக் செட்டு, சீரியல் லைட்டு எல்லாம் நீங்களே போட்டுத் தாரீகளாம். நான் வெளிய சொல்லியிருந்த ஆளை வேணாம்னுட்டேன் மாமா."

சேவுகப்பெருமாள் கடையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். துர்காதேவியும் மாரீஸ்வரியும் கட்டிலில் ஒரு கண்டாங்கிப் புடவையை விரித்துப்போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கறுப்பு வெள்ளைக் கட்டம்.

"ஸ்கான்னா கட்டம் போட்டதுதான் உடுத்தணும்னு சொன்னீகள்ல," என்றாள் துர்காதேவி. "லண்டன்காரன் இப்பத்தான் கண்டுபுடிச்சிருக்கான். நம்மகிட்ட எத்தனை வருசமா இருக்கு."

"துர்கா, ரெண்டு டிக்கெட்டு போட்டது ஒனக்கும் எனக்கும்."

"எனக்குன்னுதானே சொன்னீக? இன்னொண்ணுல மாரீஸ்வரி வர்றா."

"ஒனக்குன்னா, ஒனக்கும் எனக்கும்."

"அப்பிடிப் போனா தம்பி வீட்டுக்கு யாரு போறது? ரெண்டு பேரும் போகாம இருந்தா அவன் மூஞ்சிய எங்க கொண்டு வைப்பான்? நான் அங்க போனா என்ன நடக்கும்? அடுப்புல நிப்பேன், எலை எடுப்பேன், பாத்திரம் கழுவுவேன். இருபது வருசமா எல்லா விசேஷத்துலயும் அதான் நடந்துச்சு. நீங்க போனா நாக்காலி போட்டு ஒக்கார வைப்பாக. நீங்களே சொல்லுங்க, யாரு போறது நியாயம்?"

கணக்கு டீச்சரோடு நியாயம் பேசக்கூடாது. கடைசிப் படியில் சரியான விடையோடு நிற்பார்கள்.

"எனக்குக் காய்ச்சல் வர்ற மாதிரி இருக்கு," என்றார் சேவுகப்பெருமாள்.

துர்காதேவி புறங்கையால் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "சூடு இல்லையே. சரி, எதுக்கும் சிங்கம்புணரியிலயே ரெண்டு நாள் கூட இருங்க. எங்கம்மா மிளகு ரசம் வச்சுத் தரும்."

சனிக்கிழமை காலையில் அவர் ஆம்ப்ளிபயர், வயர்ச் சுருள், சீரியல் லைட்டு எல்லாவற்றையும் வேனில் ஏற்றினார். துர்காதேவி வாசலுக்கு வந்து ஒரு தூக்குவாளியில் அவருக்குப் பிடித்த கருப்பட்டிப் பணியாரம் கொடுத்தாள். அதை வாங்கும்போது அவருடைய கோபத்தில் பாதி கரைந்தது. மீதியோடு கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்யி. நம்பர் ஒன் பாட்டு வர்றப்ப எனக்குப் போனைப் போட்டுத் தூக்கிப் புடி. போதும். நான் இங்கிருந்தே கேட்டுக்கிறேன்."

"இதைச் சொல்லணுமாங்க? கண்டிப்பா."

சிங்கம்புணரியில் பால் நல்லபடியாகப் பொங்கியது. வந்தவர்கள் ஒவ்வொருவராக, "துர்கா வரலையா?" என்று கேட்டார்கள். பெண்டாட்டி கச்சேரி பார்க்கப் பெங்களூர் போயிருக்கிறாள் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. "பள்ளிக்கூடத்துல டிரெயினிங்," என்றார். மாமியார் சோணையம்மாள் கேட்டபோது டிரெயினிங் மதுரையில் என்றார். பெரியவர் ஒருவர் விவரமாகக் கேட்டபோது, புதுப் பாடத்திட்டம், கலெக்டரே வருகிறார், லீவு போட்டால் வேலைக்கே ஆபத்து என்று வளர்த்துக்கொண்டு போனார். எல்லாரும் அனுதாபமாகத் தலையாட்டினார்கள்.

பொழுது சாய்ந்ததும் சொந்தக்காரர்கள் காபி டம்ளரோடு பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். சேவுகப்பெருமாள் மைக் செட்டு மேஜையில் இருந்தார். ஊருக்காக ஓடிய சாமிப் பாட்டெல்லாம் அவருடைய செல்போனிலிருந்துதான் வயர் வழியாக ஆம்ப்ளிபயருக்குப் போய்க்கொண்டிருந்தது. கண் மட்டும் கடிகாரத்தில் இருந்தது. கச்சேரி ஆரம்பித்திருக்கும். டீ போடுகிற பாட்டு முடிந்திருக்கும்.

போன் அடித்தது. துர்காதேவி.

அவசரத்தில் பச்சையைத் தொட்டார். வயரைப் பிடுங்க மறந்துபோனார்.

பந்தலின் நாலு மூலைக் குழாய் ஸ்பீக்கரிலும் ட்ரம்பெட் வெடித்தது. மரத்துக் காக்கை எல்லாம் பறந்தன. அதற்கு மேலே துர்காதேவியின் குரல், சிங்கம்புணரிக் கடைத்தெரு வரைக்கும் கேட்டது.

"என்னங்க, கேக்குதா? பஸ் பாட்டுங்க. நிக்காத பஸ்ஸு. மாரீஸ்வரி செருப்பத் தொலைச்சுட்டா. நான் மொத வரிசையில நிக்கிறேன். நல்லா ஆடுறேங்க. நீங்கதான் பக்கத்துல இல்ல."

லைன் அறுந்தது. சேவுகப்பெருமாள் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மதுரை, கலெக்டர், பாடத்திட்டம் எல்லாம் அந்தக் குழாய் வழியாகப் போய்விட்டன.

சோணையம்மாள் மெதுவாக எழுந்து அவர் பக்கத்தில் வந்தாள்.

"அவ பெங்களூரு போறேன்னு போன வாரமே சொல்லிட்டா மாப்பிள்ள. எல்லாருக்கும் தெரியும்."

"பெறகு ஏன் அத்தை யாரும் சொல்லல?"

"நீங்க சொன்ன கதை நல்லா இருந்துச்சு. கலெக்டரு வேற வந்தாரு. அதான் கேட்டுக்கிட்டு இருந்தோம்." அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "பொண்டாட்டிய ஆட அனுப்பிட்டு, மாமியா வீட்டுல வயரு இழுக்குற மருமகன் எனக்குத்தான் கெடச்சிருக்காரு."

அதோடு விட்டிருக்கலாம். பந்தலில் இருந்த பெண்கள் ஒவ்வொருவரும் தத்தம் புருஷன்மாரைத் திரும்பிப் பார்த்தார்கள். புருஷன்மார்கள் எல்லாரும் சேவுகப்பெருமாளைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் சொந்தம் இல்லை. பாண்டியராஜனுடைய பெண்டாட்டி காலி டம்ளரைப் புருஷன் கையில் கொடுத்ததை அவர் தன் கண்ணாலேயே பார்த்தார்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும், 'நீங்கதான் பக்கத்துல இல்ல' என்ற குரல் அந்த வெட்கத்துக்குள் புகுந்து குளிர்ச்சியாக உட்கார்ந்துகொண்டது. இந்தத் தடவை வயரைப் பிடுங்கி வைத்துவிட்டு, நம்பர் ஒன் பாட்டுக்காகக் காத்திருந்தார். நாற்காலிகளை அடுக்கினார்கள். சமையல்காரர் அண்டாவை ஏற்றிக்கொண்டு போனார். போன் அடிக்கவில்லை. கூட்டத்தில் சிக்னல் கிடைத்திருக்காது, பாவம், அவள் என்ன முயற்சி செய்தாளோ என்று நினைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் அவரே போய் நின்றார். துர்காதேவி இறங்கினாள். கண்டாங்கி கசங்கியிருந்தது. குரல் சுத்தமாகப் போயிருந்தது. முகம் மட்டும் பத்து வயது குறைந்திருந்தது. இறங்கியதும் பையிலிருந்து ஒரு டீசர்ட்டை எடுத்து அவர் மார்பில் வைத்து அளவு பார்த்தாள். ராங் பிளாட்பாரத்தின் டீசர்ட். ட்ரோம்போன் படம் போட்டது. அவருக்காகத் தேடி வாங்கியதாம்.

சேவுகப்பெருமாளுக்கு மனசு நிறைந்துவிட்டது. டீசர்ட்டைத் தடவிக்கொண்டே, குறை சொல்கிற தொனியே இல்லாமல் கேட்டார்.

"நம்பர் ஒன் பாட்டுக்குப் போன் வரலையே துர்கா. சிக்னல் இல்லையோ?"

"சிக்னல் எல்லாம் இருந்துச்சுங்க," என்றாள் துர்காதேவி கம்மிய குரலில். "அந்தப் பாட்டு ஆரம்பிச்சதும் அம்புட்டுப் பேரும் அழுதுக்கிட்டே மேடைக்கு முன்னாடி ஓடிட்டாக. சாப்பாட்டுக் கடையில ஒரு ஆள் இல்ல. அப்பத்தான் நாங்க நிம்மதியா ஒக்காந்து சாப்பிட்டோம்."